அப்பாவின் ஜென்னும் அதன் அட்டவணையும்

எஞ்சினை நிர்வகிக்கும் மின்னணுப் பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றித் தமிழ் விரிவுரையாளனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் துறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சென்ற ஓராண்டில் நான் அதிகம் யோசித்ததும், வீட்டில் அதிகம் வாதிட்டதும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான். தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போதுகூட அதுவே மனத்தில் ஓடியது என்பதைத் துறைத்தலைவர் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1995இல் கடன் போட்டு வாங்கிய மாருதி ஜென். 993 சி.சி., நான்கு சிலிண்டர், கார்ப்பரேட்டர். கணக்கு வாத்தியாராக ஓய்வு பெறுவதற்கு மூன்றாண்டுகள் இருந்தபோது வாங்கினார். டி. கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் வழியாக மதுரைக்கும், எதிர்ப்பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அது ஓடிய ஓட்டத்தை எண்ணிப்பார்த்தால் இந்தியாவைச் சிலமுறை சுற்றியிருக்கும். அப்பா 2016இல் காலமானார். பிறகு எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கிற்று. 2023இல் திறந்து பார்த்தபோது சிலிண்டர்களைக் கடைந்தே ஆகவேண்டும் என்ற நிலை. அக்காள் மகன் அப்போது மதுரையில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். “திறந்ததுதான் திறந்தாச்சு மாமா” என்று ஆரம்பித்தான். உலகத்தில் பல காரியங்கள் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

ஹெட்டைச் சற்றுச் சீவி அழுத்த விகிதத்தைக் கூட்டினான். கேம்ஷாஃப்டின் முகடுகளை மாற்றித் தேய்க்கக் கொடுத்தான். வெளியேற்றுக் குழாய்களை நீளமாக்கினான். எல்லாம் முடித்துப் பழைய கார்ப்பரேட்டரையே மேலே உட்காரவைத்தால் வண்டி எதற்கும் ஒத்துவரவில்லை. கீழ்வேகத்தில் பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டியது. மேல்வேகத்தில் போதாமல் இருமியது. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஜெட்டை மாற்றிப் பார்த்தார், மிதவையை வளைத்துப் பார்த்தார். காதை வைத்தே கார்ப்பரேட்டரைச் சுருதி சேர்க்கும் மனிதர் அவர். மூன்றாம் நாள், “வாத்தியார் வண்டிக்கு வேற தொண்டை வச்சிட்டீங்க தம்பி, பழைய பாட்டு வராது” என்றார்.

போதாக்குறைக்கு எரிபொருளும் மாறிவிட்டிருந்தது. 2025 வாக்கில் நாடெங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது வழக்கமாகிவிட்டது. கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் தரவேண்டும். 1995ஆம் ஆண்டின் பித்தளை ஜெட்டுக்கு இந்தச் செய்தி தெரிய வழியில்லை. அது தன் துளையின் அளவுக்குத் தந்துகொண்டே இருக்கும். ஆகவே இன்ஜெக்டர் வைப்பது, அதை ஆளும் பெட்டி ஒன்றை வாங்குவது என்று முடிவாயிற்று. எந்தப் பெட்டி என்பதில்தான் ஓராண்டு போயிற்று.

அந்தப் பெட்டி செய்யும் வேலையைச் சொல்லத் தமிழில் ஒரு வசதி உண்டு. பொறி என்றால் தீப்பொறி. பொறி என்றால் இயந்திரம். ஐம்பொறி என்னும்போது புலனுக்கு வாயிலான உறுப்பு. எஞ்சின் மேலாண்மை என்று பெரிய பெயரில் அழைக்கப்படும் விஷயத்தில் இந்த மூன்று பொருளும் சேர்ந்திருக்கின்றன. காற்றழுத்தம், உட்புகும் காற்றின் வெப்பம், குளிர்நீரின் வெப்பம், த்ராட்டில் திறந்திருக்கும் அளவு, புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றை உணர்விகள் சொல்கின்றன. கிராங்க் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல ஒரு பல்சக்கரம். 36 பல்லுக்கு இடம் வைத்து ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பல்லும் 10 பாகை. பல் இல்லாத இடைவெளி வரும்போது ஒரு சுற்று முடிந்தது என்று பெட்டிக்குத் தெரியும். பல் போன இடத்தை அடையாளமாக வைத்துக் கணக்குப் போடும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடிதான். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு வினாடிக்கு 200 தீப்பொறிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எவ்வளவு நேரம் இன்ஜெக்டரைத் திறப்பது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை பாகை முன்னதாகப் பொறியைத் தட்டுவது என்று பெட்டி தீர்மானிக்க வேண்டும். அது ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிந்திப்பதில்லை. உள்ளே ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறுபக்கம் அதன்மேல் உள்ள சுமை. பதினாறுக்குப் பதினாறு என்றால் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்: இந்த வேகத்தில், இந்தச் சுமையில் சிலிண்டர் தன் கொள்ளளவில் உண்மையாகவே எத்தனை விழுக்காடு காற்றை நிரப்பிக்கொள்கிறது என்பது. பொறி தட்டும் நேரத்துக்கு இதேபோல் இன்னோர் அட்டவணை. வண்டியின் குணம் முழுவதும் இந்த எண்களில் இருக்கிறது. பெட்டி, கம்பி, உறை எல்லாம் இவற்றைச் சுமக்கும் உடம்புதான்.

இந்த முறை ஒன்றும் புதிதல்ல. போஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் செலுத்தல் 1967இலேயே ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்துவிட்டது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தது 1979இல், பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில். நம்மூருக்கு வந்ததற்கு நீதிமன்றத்துக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். 1999இல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்குப் புகைக் கட்டுப்பாட்டைக் கெடு வைத்து விதித்தது. பிறகு சில ஆண்டுகளில் புதிய கார்களிலிருந்து கார்ப்பரேட்டர் காணாமல் போயிற்று. காற்று கொஞ்சம் சுத்தமானது உண்மை. அதோடு, ஊருக்கு ஊர் இருந்த ஒரு வித்தையும் போயிற்று. அண்ணனைப் போல மூக்கையும் காதையும் கருவியாகக் கொண்டு தொழில் செய்தவர்கள், மடிக்கணினி செருகும் ஒரு துளையின் முன்னால் கைகட்டி நிற்கவேண்டி வந்தது. இதைப் பற்றி ஒரு நாவல் எழுதப்பட்டிருக்க வேண்டும். என் கண்ணில் படவில்லை.

எங்களுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, பிற்காலத்து இன்ஜெக்டர் கார் ஒன்றின் பெட்டியையும் கம்பித் தொகுதியையும் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிவந்து பொருத்துவது. இதை ஏளனமாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. உற்பத்தியாளர் வெயிலிலும் மழையிலும் குலுக்கலிலும் சோதித்துச் செய்த பெட்டிக்கு ஈடாக வீட்டில் செய்த எதுவும் நிற்காது. எஞ்சினை மாற்றாமல் வைத்திருப்பவர் இதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் அதன் அட்டவணை வேறொரு கேம்ஷாஃப்டுக்காக, வேறோர் அழுத்த விகிதத்துக்காக எழுதப்பட்டது. திருத்தவும் எளிதில் இடம் தராது. அதற்குப் பொய்த் தகவல் கொடுத்து ஏமாற்றும் துணைப்பெட்டிகளும் உண்டு. பிழையான உரைக்கு இன்னோர் உரை எழுதுவதுபோன்ற வேலை என்பதால் அதைச் சீக்கிரமே விட்டுவிட்டோம்.

இரண்டாம் வழி, வெளிநாட்டுத் தனிப்பெட்டி. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோட்டெக், நியூசிலாந்தின் லிங்க் முதலியவை பந்தய உலகில் பெயர்பெற்றவை. நல்ல பொருள்கள், அதில் ஐயமில்லை. மருமகனின் மனம் இங்கேதான் இருந்தது. விலை எங்கள் காரின் இன்றைய மதிப்பைத் தாண்டியது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பெருநகரம் ஒன்றில் இவ்வேலை செய்து தரும் ஒருவரிடம் பேசினோம். வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், டைனமோமீட்டரில் ஓட்டி அட்டவணை எழுதித் தருகிறேன் என்றார். சரி, எழுதிய அட்டவணையின் பிரதியை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டேன். தரமாட்டாராம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுவாராம். அது அவருடைய உழைப்பு, அவருடைய சொத்து. எதையாவது மாற்றவேண்டுமென்றால் மறுபடி அவரிடமே வரவேண்டும்.

அவர் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. பல நாள் உழைத்து எழுதியதை இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் நகலெடுத்துக்கொண்டு போவது யாருக்கும் வலிக்கும். ஆனால் தமிழ் படித்தவனுக்கு ‘பூட்டி வைப்பேன்’ என்ற சொல்லைக் கேட்டால் வேறு நினைவுகள் வருகின்றன. வீட்டில் இருக்கும் சுவடியைக் காட்டமாட்டேன் என்று சொன்னவர்களிடமெல்லாம் உ.வே. சாமிநாதையர் எத்தனை படி ஏறி இறங்கினார்! அதோடு இது நடைமுறைக் கேள்வியும்கூட. எத்தனாலின் அளவு மாறினால், ஓர் உணர்வி கெட்டு வேறு மாதிரியைப் போட நேர்ந்தால், டி. கல்லுப்பட்டியிலிருந்து அந்த நகரத்துக்கு வண்டியை லாரியில் ஏற்றிப் போகவேண்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால்?

மூன்றாம் வழி, திறந்த பெட்டி. 2001 வாக்கில் அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவர்ட் என்ற பெயரில் உதிரியாக வாங்கி வீட்டிலேயே ஈயப்பற்று வைத்துச் சேர்க்கும் பெட்டியை வெளியிட்டார்கள். வட்டமைப்பு எப்படி, நிரல் எப்படி என்று எல்லாரும் படிக்கும்படி வைத்தார்கள். ஆனால் அந்த நிரலை அவர்களுடைய பலகையில்தான் ஓட்டலாம் என்ற நிபந்தனை உண்டு. பிறகு ஆஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஸ்பீடுயினோவில் அந்த நிபந்தனையும் இல்லை. கல்லூரி மாணவர்கள் விளக்கு எரியவிட்டுப் பழகும் ஆர்டுயினோ மெகா பலகையே அதன் மூளை. ரஸ்இஎஃப்ஐ என்று இன்னொன்றும் இருக்கிறது. அதன் செயலி இன்னும் வலுவானது. மருமகன் இவற்றையெல்லாம் அறிந்தவன்தான். ஆனால் “அதெல்லாம் ப்ராஜெக்டுக்குச் சரி மாமா, வண்டிக்கு வேணாம்” என்றான். அவன் அச்சத்திலும் காரணம் இருந்தது. உத்தரவாதம் கிடையாது. தண்ணீர் புகாத உறை நாமே செய்யவேண்டும். ஒரு சாலிடர் விட்டுப்போனால் நடுவழியில் நிற்கவேண்டும்.

தீர்மானித்தது அண்ணன்தான், அவரை அறியாமலே. மூன்று வழிகளையும் அவரிடம் ஒரு சாயங்காலம் விளக்கினோம். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “பெட்டி எதுவானாலும் இருக்கட்டும் தம்பி. நாளைக்கு நின்னு போச்சுன்னா நான் எதைக் கழட்டிப் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். முதல் இரண்டு பெட்டிகளுக்கும் எங்களிடம் பதில் இல்லை.

கல்லுப்பட்டிக்காரர்கள் இந்தக் கேள்வியை இதற்குமுன்பும் கேட்டிருக்கிறார்கள். 1940இல் வெங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கே கழித்தார். 1960 ஜனவரி 30இல் இறந்தார். லண்டனில் கணக்காயர் படிப்பு, நியூயார்க்கின் கொலம்பியாவில் பொருளாதாரம், பிறகு வர்தாவில் கிராமத் தொழில்கள் என்று வாழ்ந்தவர். வர்தா மகன்வாடியில், கப்பலில் வரும் மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஊரில் ஆட்டும் எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை உருவாக்கினார்கள். வெளிச்சம் எவ்வளவு என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. திரியும் எண்ணெயும் யாரிடமிருந்து வருகின்றன, உடைந்தால் யார் சரிசெய்வார் என்பதும் அவர் கணக்கில் ஒரு பத்தி. இதைச் சொல்லி என் தேர்வுக்கு அவரைச் சாட்சியாக்கப் பார்க்கவில்லை. டிராக்டரையே ஐயத்தோடு பார்த்த மனிதர், சீவிய ஹெட் வைத்த ஜென்னைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதைக் கற்பனை செய்ய எனக்கே அச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வி செல்லும். ஸ்பீடுயினோ என்று முடிவாயிற்று.

இடையில் மருமகனின் வேறு ஆசைகளுக்குத் தடை போடவேண்டியிருந்தது. டர்போ வேண்டும், 1300 சி.சி. எஞ்சின் வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவை எடுத்துக் காட்டினேன். தயாரிப்பாளரின் மூல வரையறையை விட்டு விலகும் மாற்றங்களுக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியதையும் சொன்னேன். கார்ப்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வருவதும் விலகல்தான் என்று வாதிட இடமிருப்பதால், வண்டி இனிப் பொதுச்சாலைக்கு வராது என்று முடிவு செய்தோம். எங்கள் தோட்டத்துப் பாதை, அப்புறம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை லாரியில் ஏற்றிக் கோவை. அங்கே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் கரிவர்தன் பெயரைத் தாங்கியது. 1980களின் பிற்பகுதியில் மாருதி 800இன் எஞ்சினை வைத்தே மலிவாகப் பந்தயக் கார் கட்டி, ஃபார்முலா மாருதி என்று ஒரு வகுப்பையே உண்டாக்கியவர். 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்துபோனார். கையில் கிடைக்கும் எஞ்சினைக் கொண்டு தொடங்கலாம் என்று நம்புகிற தலைமுறை ஒன்று அவரிடமிருந்து வந்தது. அக்காவுக்கு மட்டும் இன்னும் சம்மதமில்லை. “அப்பா ஐம்பதுக்கு மேல மிதிக்கமாட்டாரு” என்கிறாள்.

வேலை தொடங்கியது. பழைய இன்டேக் மேனிஃபோல்டிலேயே நான்கு இன்ஜெக்டருக்கு இருக்கை கடைந்து ஆர்கான் வெல்டிங் வைத்தார்கள். பெட்ரோல் குழாய்களை முழுவதும் மாற்றினோம். கார்ப்பரேட்டருக்கு வரும் அழுத்தம் மிகக் குறைவு. இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார் வேண்டும். பழைய ரப்பர் அதைத் தாங்காது, எத்தனாலையும் தாங்காது. பெட்டியை எஞ்சின் அறையில் வைக்காமல் டேஷ்போர்டுக்குள் வைத்தோம். சித்திரை வெயிலில் பானெட்டுக்கு அடியில் எதை வைத்தாலும் வெந்துவிடும்.

எஞ்சின் உறுமி எழுந்தது. ஆனால் 3000 சுற்றைத் தாண்டியதும் திடீர் திடீரென்று அணைந்தது. பல்சக்கரத்தின் கணக்கு தப்புகிறது என்று மடிக்கணினி சொன்னது. ஏன் தப்புகிறது என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் மருமகன் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தான். அண்ணன் அந்தப் பக்கம் வரவே இல்லை. கடைசியில் ஒருநாள் வந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலிருந்த பழைய எர்த் பட்டையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். எஞ்சினை இறக்கி ஏற்றியபோது பாடிக்கு அடித்த பெயிண்டின் மேலேயே அதை முடுக்கியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டினார். பேட்டரியின் எதிர்முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தடித்த கம்பி ஒன்றை நேராக இழுத்தார். உணர்வியின் கம்பியைச் சுற்றியிருந்த வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் சிறுவயதில் வேலை பார்த்தபோது இரைச்சலை இப்படித்தான் போக்குவோம் என்றார். அதோடு அந்த நோய் தீர்ந்தது. ஸ்பார்க் பிளக் ஒயரின் இரைச்சலைப் பெட்டி பல் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

அட்டவணையை நிரப்பும் வேலை இன்னும் நடக்கிறது. ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவு ஒன்றின் தார்ப்பாதையில், உரிமையாளரின் அனுமதியோடு, ஞாயிறு காலைகளில் ஓட்டுகிறோம். மருமகன் ஓட்ட, பக்கத்தில் நான் மடிக்கணினியோடு உட்கார்ந்து புகைக்குழாயின் உணர்வி காட்டும் எண்ணைப் பார்த்து எந்தக் கட்டத்தில் கூட்டவேண்டும், எதில் குறைக்கவேண்டும் என்று குறிக்கிறேன். ஓட்டி முடித்ததும் அண்ணன் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். டீ நிறம் இருந்தால் தலையாட்டுவார். அவருடைய தலையாட்டலும் உணர்வியின் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத ஒரு தடவை, உணர்விக்கு முன்னால் குழாய் இணைப்பில் புகை கசிந்தது; பிளக்தான் சரி.

அட்டவணையைத் தாளில் எடுத்துத் தரச்சொன்னார். கடைவீதி ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுத்து ஒட்டினேன். பட்டறைச் சுவரில், சாமி படங்களுக்கும் ஸ்பானர் பலகைக்கும் நடுவே இப்போது 256 கட்டங்கள் தொங்குகின்றன. வண்டியை இரைத்துக் கேட்டுவிட்டு, இந்த இடத்துல கொஞ்சம் வறட்சியா இருக்கு என்று பென்சிலால் ஒரு கட்டத்தில் சுழிப்பார். வாரக் கடைசியில் அதைக் கணினியில் ஏற்றுவோம். மருமகன் படிப்பை முடித்துவிட்டான். ஓசூரில் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. அவன் போன பிறகு ஏற்றும் வேலை என்னுடையது. அதற்காகத்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பழைய கார்ப்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்பு மூன்றையும் அண்ணன் எண்ணெய் தடவிப் பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். இன்ஜெக்டர் துளைகளை அடைத்துவிட்டு ஒரே நாளில் திருப்பி மாட்டிவிடலாமாம்.

நிரம்பாமல் கிடப்பது குளிர்த் தொடக்கத்துக்கான வரிசை. எஞ்சின் 0 பாகையிலும் 10 பாகையிலும் இருக்கும்போது எவ்வளவு கூடுதல் எரிபொருள் தரவேண்டும் என்று பெட்டி கேட்கிறது. மார்கழி விடியலில்கூட இங்கே அந்த எண்ணுக்கு இறங்கியதில்லை. என்ன செய்வது என்று அண்ணனைக் கேட்டேன். சுவரிலிருந்த தாளின் அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு, “அதை அப்படியே விடுங்க தம்பி, இங்க யாருக்குக் குளிருது” என்றார்.